யாரைக் கேட்டுக் கப்பலை உள்ளே விடுவது?

2022 ஆகஸ்ட் மாதம். இலங்கையில் கைபேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டினால்தான் வண்டிக்குப் பெட்ரோல், அதுவும் வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து. பொதுமக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாட்டின் கஜானாவில் டாலர் இல்லை. அந்த நேரத்தில் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் ஒன்று தென்கோடியில் இருக்கும் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஆராய்ச்சிக் கப்பல் என்றது சீனா. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் கப்பல் என்றன இந்தியாவும் அமெரிக்காவும். மேல்தளத்தில் பெரிய பெரிய வட்டில்களைப் போன்ற ஆண்டெனாக்களைச் சுமந்து நிற்கும் கப்பல் அது. ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவும், ஒடிசா கடற்கரையில் ஏவுகணைச் சோதனை நடக்கும் அப்துல் கலாம் தீவும் வங்கக் கடலோரத்தில்தான் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் டெல்லியின் பதற்றம் புரியும். இலங்கை அரசு ஆகஸ்ட் 5 அன்று, வருகையைத் தள்ளிவையுங்கள் என்று சீனாவிடம் கேட்டது. கப்பல் நிற்கவில்லை, மெதுவாக வந்தது. ஆகஸ்ட் 13 அன்று, சரி, வரலாம் என்று கொழும்பு அறிவித்தது. 15 அன்று, கடற்கண்காணிப்புக்கான டோர்னியர் விமானம் ஒன்றை இந்தியா இலங்கைக் கடற்படைக்குக் கொடுத்தது. 16 அன்று கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றது.

இதில் என் மனதை விட்டு அகலாத தேதி ஒன்று உண்டு. கப்பல் வருவதற்கான முதல் அனுமதியை இலங்கை வெளியுறவு அமைச்சு கொடுத்த நாள் ஜூலை 12. அன்று ஜனாதிபதி மாளிகை போராட்டக்காரர்கள் கையில் இருந்தது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச எங்கே என்று ஊருக்குத் தெரியாது. அடுத்த நாள் விடியுமுன் அவர் மாலத்தீவுக்குப் பறந்துவிட்டார். நாடு தன்னைத் தானே நடத்திக்கொள்ள முடியாமல் இருந்த அந்த ஒரு நாளில்தான், இரண்டு பெரிய நாடுகள் முறைத்துக்கொள்ளப் போகும் ஒரு காகிதத்தில் கையெழுத்து விழுந்திருக்கிறது.

வல்லரசுப் போட்டி, மாறிவரும் உலக ஒழுங்கு என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். படித்ததும் விமானந்தாங்கிக் கப்பலும் அணுகுண்டும் கண்முன் வருகின்றன. நான் வேறு வழியாகப் புரிந்துகொள்ள முயல்கிறேன். ஒரு சிறிய நாடு கடன் வாங்க வேண்டும், துறைமுகம் கட்ட வேண்டும், ஒரு கப்பலை உள்ளே விட வேண்டும், நொடித்துப்போனால் மீள வேண்டும். இதற்கெல்லாம் அது யார் யார் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது? அந்த வாசல்களின் பட்டியல்தான் உலக ஒழுங்கு. பட்டியலில் பெயர்கள் மாறும்போது ஒழுங்கு மாறுகிறது.

பழைய பட்டியல் இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் எழுதப்பட்டது. 1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் கூடிய மாநாட்டில் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் உருவாயின. அடுத்த ஆண்டு ஐ.நா. வந்தது, பாதுகாப்பு அவையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ. நாணய நிதியத்தில் இன்றும் அமெரிக்காவின் வாக்கு சுமார் 16.5 விழுக்காடு. நிதியத்தின் அடிப்படை விதிகளை மாற்ற 85 விழுக்காடு வேண்டும் என்பதால், அமெரிக்கா தலையாட்டாமல் அங்கே எதுவும் மாறாது. உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமான சீனாவின் வாக்கு 6 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபின் சுமார் இருபது ஆண்டுகள், நொடித்த நாடுகள் தட்டுவதற்கு ஏறக்குறைய ஒரே வாசல்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை. எப்படி மாறியது என்பதற்கு இலங்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

அம்பாந்தோட்டையிலிருந்தே தொடங்கலாம். ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே ஓடும் கப்பல்களின் நெடும்பாதை இந்த ஊருக்குத் தெற்கே, சில கடல் மைல் தூரத்தில் போகிறது. போகிற கப்பல்களில் கொஞ்சம் நின்று எண்ணெய் நிரப்பினாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை பல பத்தாண்டுகளாக இலங்கைக்கு இருந்தது. சீனா வந்து காட்டிய கனவு இல்லை இது. 2003இல் ஒரு கனடா நிறுவனமும் 2006இல் ராம்போல் என்ற டென்மார்க் நிறுவனமும் இங்கே துறைமுகம் சரிப்படுமா என்று ஆய்வு செய்து கொடுத்தன. டென்மார்க்காரர்கள் சொன்ன வழி நிதானமானது: முதலில் கொள்கலன் அல்லாத சரக்குகளைக் கையாளுங்கள், வருமானம் வரட்டும், பிறகு பெரிதாக்குங்கள்.

2005 நவம்பரில் ஜனாதிபதியான மகிந்த ராஜபக்சவுக்கு இது சொந்த மாவட்டம். முதலில் இந்தியாவிடம்தான் கேட்டேன் என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். பணம் கொடுத்தது சீனாவின் எக்சிம் வங்கி. முதல் கட்டத்துக்கு 30.7 கோடி டாலர், 6.3 விழுக்காடு வட்டி, 15 ஆண்டுத் தவணை. கந்துவட்டி என்று சிலர் எழுதினார்கள். இந்தக் கடனை வாங்கிய அதே 2007இல் இலங்கை உலகச் சந்தையில் முதன்முதலாக இறையாண்மைப் பத்திரம் விற்று 50 கோடி டாலர் கடன் வாங்கியது; அதற்கு வட்டி 8.25 விழுக்காடு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டுக்கு அன்றைய விலை அதுதான்.

2010 நவம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. வருமானம் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. 2012இல் இரண்டாம் கட்டத்துக்கு 75.7 கோடி டாலர், பெரும்பகுதி 2 விழுக்காடு வட்டியில். அந்த ஆண்டு அம்பாந்தோட்டைக்கு வந்த கப்பல்கள் 34. கொழும்புக்கு வந்தவை மூவாயிரத்துக்கும் மேல். பக்கத்திலேயே மத்தளையில் ஒரு பன்னாட்டு விமான நிலையம், ஒரு கிரிக்கெட் மைதானம். ஒரு தலைவர் தன் மாவட்டத்துக்குச் செய்ய ஆசைப்பட்டவை இவை; கடனை அடைக்க வேண்டியவர்கள் நாட்டு மக்கள் எல்லோரும். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் அதில் சேர்த்தி.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. புதிய அரசு வந்து கணக்கைத் திறந்தபோது, வரும் ஆண்டுகளில் கட்ட வேண்டிய வெளிநாட்டுத் தவணைகள் வரிசையாக நின்றன. 2017 ஜூலையில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்க ஒப்பந்தம் ஆனது. எடுத்தது சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட். கைக்கு வந்த தொகை 112 கோடி டாலர்.

இந்த இடத்தில்தான் உலகம் முழுக்கப் பரவிய ஒரு கதை பிறந்தது. இந்திய வியூக ஆய்வாளர் பிரம்மா செலானி 2017இல் ‘கடன்பொறி ராஜதந்திரம்’ என்ற சொல்லை எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ் சீனாவைச் சாடிய உரையில் இலங்கையைச் சாட்சிக்கு இழுத்தார். கட்ட முடியாத அளவுக்குக் கடன் கொடு, கட்டத் தவறியதும் துறைமுகத்தைப் பிடுங்கு என்பது கதை. கேட்டதும் நம்பத் தோன்றும். நிலத்தை அடகு வைத்து இழந்த கதைகள் நம் ஊரில் எத்தனை!

ஆனால் நடந்தது அப்படி இல்லை. அந்த 112 கோடி டாலரில் துறைமுகக் கடன் அடைக்கப்படவே இல்லை. பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. மற்றவர்களுக்குக் கட்ட வேண்டிய கடனைத் தாங்கிப் பிடிக்க உதவியது. எக்சிம் வங்கிக் கடன் அப்படியே இலங்கை அரசின் தலையில் தொடர்ந்தது. நிலமும் இலங்கை அரசுக்கே சொந்தம். 2021 இறுதியில் இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு, அரசு நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்தால், சுமார் ஐந்தில் ஒன்று. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சந்தையில் விற்ற இறையாண்மைப் பத்திரங்கள். அவற்றை வைத்திருந்தவர்களில் மேற்கு நாடுகளின் பெரிய நிதி நிறுவனங்களும் இருந்தன. கழுத்தைப் பிடித்த கயிறுகளில் முறுக்கேறியது எது என்று பார்த்தால், அதிக வட்டியும் குறுகிய தவணையும் கொண்ட இந்தப் பத்திரங்கள்தான்.

இதைச் சொன்னால் சீனாவுக்கு நற்சான்று கொடுப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். சீன வங்கி ஒப்பந்தங்களின் விவரங்கள் மூடி மறைக்கப்பட்டவை. வருமானம் வருமா என்று கேட்காமல் கடன் கொடுத்தார்கள். கட்டுமான வேலை சீன நிறுவனங்களுக்கே போனது. இவை எல்லாம் உண்மையான குறைகள். அதே நேரத்தில், 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரியை 15லிருந்து 8 விழுக்காடாக ஒரே வெட்டாக வெட்டியதும், 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடைசெய்து வயலைக் காயவிட்டதும் கொழும்பில் எடுத்த முடிவுகள். கடன்பொறிக் கதையில் இலங்கை ஆட்சியாளர்களுக்கு வேலையே இல்லை, பாவம், ஏமாந்தவர்கள். அவர்கள் தப்பித்துக்கொள்ள இதைவிட வசதியான கதை கிடையாது. என் கோபம் அதில்தான்.

2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. சுதந்திரம் அடைந்தபின் முதல் முறை. உலக ஒழுங்கு எங்கே மாறியிருக்கிறது என்பதை அதற்குப் பிறகு நடந்தவை அம்பாந்தோட்டையைவிட நன்றாகக் காட்டுகின்றன. கப்பல் அளவுக்கு இது தலைப்புச் செய்தி ஆகவில்லை.

ஒரு வியாபாரி நொடித்துப்போய் மஞ்சள் கடுதாசி கொடுத்தால் அதற்கு நீதிமன்றம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இருப்பதைக் கணக்கிட்டுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நாடு நொடித்தால் போவதற்கு நீதிமன்றம் கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. நாணய நிதியம் வந்து கணக்குப் பார்த்து, இவ்வளவு கடனைக் குறைத்தால்தான் இந்த நாடு எழும் என்று சொல்லும். கடன் கொடுத்த அரசுகள் பாரிஸ் கிளப் என்ற குழுவாகக் கூடி, சேர்ந்து விட்டுக்கொடுக்கும். 1956இல் அர்ஜென்டினாவுக்காகத் தொடங்கிய குழு அது. மேற்கு நாடுகளும் ஜப்பானும்தான் உலகத்துக்குக் கடன் கொடுத்தன என்ற காலத்தில் இந்த ஏற்பாடு ஓடியது.

இலங்கைக்குக் கடன் கொடுத்த அரசுகளில் பெரியவை மூன்று: சீனா, ஜப்பான், இந்தியா. இவற்றில் பாரிஸ் கிளப்பில் உறுப்பினர் ஜப்பான் மட்டுமே.

நாணய நிதியத்துக்கு ஒரு விதி உண்டு. கடன் கொடுத்த மற்றவர்களும் தளர்த்துவோம் என்று உறுதி சொன்னால்தான் அது தன் பணத்தை இறக்கும். இல்லையென்றால் அதன் பணம் வலதுகையில் வந்து இடதுகை வழியாகப் பழைய கடன்காரர்களிடம் போய்விடும். கடன்காரர்களுக்குள்ளும் அதே பயம்: நான் விட்டுக்கொடுத்த காசு அவனுக்குத் தவணையாகப் போய்ச் சேருமோ? இந்தியாவும் சீனாவும் எல்லையில் முறைத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்தச் சந்தேகத்துக்கு என்ன கனம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2022 செப்டம்பர் 1 அன்று நிதியத்தின் அலுவலர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. பணத்துக்கு ஒப்புதல் வந்தது 2023 மார்ச் 20 அன்று, சுமார் 300 கோடி டாலர். இடைப்பட்ட ஆறரை மாதமும் உறுதிக்கடிதங்களுக்காகக் காத்திருந்த காலம். ஜனவரியில் முதல் கடிதத்தை இந்தியா கொடுத்தது. சீன எக்சிம் வங்கி, இரண்டு ஆண்டுக்குத் தவணை கேட்கமாட்டோம் என்று எழுதியது. அது போதாது என்றாகி, மார்ச்சில் இன்னொரு கடிதம் வந்தது. கடிதங்கள் டெல்லிக்கும் பெய்ஜிங்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே அலைந்த அந்த மாதங்களில்தான் இலங்கையில் விலைவாசி ஏற்றம் 70 விழுக்காட்டைத் தொட்டது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடும் 2023 பிப்ரவரியில் மீண்டும் 66 விழுக்காடும் உயர்ந்தது. காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. அதை ஒரு வீட்டின் மின்பட்டியலில் படிக்கலாம்.

பிறகு கடன் பேச்சுவார்த்தை. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் கூட்டாகத் தலைமை ஏற்று ஒரு குழு அமைத்தன. பாரிஸ் கிளப் உறுப்பினர் அல்லாத இந்தியா தலைமை நாற்காலிகளில் ஒன்றில் அமர்ந்தது புதிய செய்தி. சீனா அந்தக் குழுவில் சேரவில்லை. பார்வையாளராக வந்து உட்கார்ந்தது, பேரத்தைத் தனியாக நடத்தியது. 2024 ஜூன் 26 அன்று இரண்டு கையெழுத்துகள் விழுந்தன. குழுவுடன் பாரிசில், சுமார் 580 கோடி டாலருக்கு. எக்சிம் வங்கியுடன் பெய்ஜிங்கில், சுமார் 420 கோடி டாலருக்கு. ஒரே கடனாளி, ஒரே நாள், இரண்டு மேசைகள்.

ஒழுங்கு மாறுகிறது என்பதற்கு என் கண்ணில் இதுதான் அடையாளம். பழைய மேசை உடைந்துவிடவில்லை. நாணய நிதியம் இல்லாமல் இலங்கை எழுந்திருக்க முடியாது. ஆனால் அந்த மேசை மட்டும் இனிப் போதாது. சீனாவின் கடிதம் வராமல் வாஷிங்டனில் ஒப்புதல் நகரவில்லை. ஆப்பிரிக்காவின் ஜாம்பியா 2020 நவம்பரில் தவணை தவறியது. அரசுக் கடன்காரர்களுடன் அது உடன்பாட்டுக்கு வரவே 2023 ஜூன் ஆயிற்று. வாசல்கள் பெருகினால் ஏழை நாட்டுக்கு நல்லது என்று நினைப்போம். கடன் வாங்கும்போது நல்லதுதான். திருப்பிக் கட்ட முடியாதபோது ஒவ்வொரு வாசலும் பக்கத்து வாசலைக் காட்டி, அவர் கையெழுத்தை முதலில் வாங்கி வா என்கிறது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். பாதிதான் பொருந்தும். மத்தளத்துக்குத் தேர்வு கிடையாது. இலங்கை பலமுறை தேர்ந்தெடுத்திருக்கிறது. 1952இல் கொரியப் போர் நடக்கிறது. சீனாவுக்கு இரப்பர் போன்ற பொருள்களை விற்கக் கூடாது என்று ஐ.நா. தடை. இலங்கையிலோ அரிசிப் பஞ்சம், இரப்பர் விலையும் சரிந்துவிட்டது. அமெரிக்காவிடம் கேட்ட விலை கிடைக்கவில்லை. கம்யூனிசத்தை எதிர்த்த டட்லி சேனநாயக்க அரசு, தூதரக உறவுகூட இல்லாத சீனாவுடன் இரப்பரைக் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் போட்டது. சந்தையைவிட அதிக விலைக்கு இரப்பர் போனது. கோபமுற்ற அமெரிக்கா சில ஆண்டுகள் உதவியை நிறுத்தி வைத்தது. ஒப்பந்தமோ முப்பது ஆண்டுகள் நீடித்தது. அன்று கொழும்பு யார் முகத்தையும் பார்க்கவில்லை, தன் மக்களின் சோற்றுப்பானையைப் பார்த்து முடிவெடுத்தது. அதனால்தான் அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

இன்று அதே விளையாட்டு கொழும்புத் துறைமுகத்துக்குள்ளேயே நடக்கிறது. ஒரு முனையம் சீன நிறுவனத்திடம். கிழக்கு முனையத்தை இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் கொடுப்பதாக 2019இல் ஒப்பந்தமாகி, தொழிற்சங்க எதிர்ப்பில் 2021 பிப்ரவரியில் ரத்தானது. ஈடாக மேற்கு முனையம் அதானி குழுமம் தலைமையிலான கூட்டுக்குப் போனது, அதற்கு 55.3 கோடி டாலர் கடன் தருவதாக அமெரிக்க அரசின் நிதி நிறுவனம் 2023இல் அறிவித்தது, 2024 இறுதியில் குழுமம் அந்தக் கடன் வேண்டாம் என்றது. தன் கடற்பரப்பில் வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களே ஓராண்டு வேண்டாம் என்று 2024 தொடக்கத்தில் இலங்கை தடைபோட்டதும் இதே கதைதான்: ஒருவரை மட்டும் மறுக்க முடியாது, எல்லோரையும் மறுத்துவிடலாம். அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானதும் 2024 டிசம்பரில் டெல்லி, 2025 ஜனவரியில் பெய்ஜிங். பெய்ஜிங் பயணத்தில் அம்பாந்தோட்டையில் 370 கோடி டாலரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு ஒப்பந்தம். ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கும் திருகோணமலை எரிசக்தி மையத்துக்கும் ஒப்பந்தம்.

இவ்வளவு பெரிய தொகைகளுக்கு நடுவே ஒரு சின்னத் தொகையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குப் படகேறிப் போனவர்களுக்கு அந்தக் கடல் தெரியும். எதிர்க்கரை இராமேசுவரம். நாட்டின் மின்கம்பி இந்தத் தீவுகளுக்கு எட்டாது. அன்று டீசல் ஜெனரேட்டர் ஓடினால்தான் விளக்கு. சூரிய ஒளியும் காற்றும் கலந்து மின்சாரம் தயாரிக்கும் திட்டம் ஒன்று ஆசிய வளர்ச்சி வங்கியின் பணத்தில் தீட்டப்பட்டது. டெண்டரில் ஒரு சீன நிறுவனம் வென்று, 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது.

தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் சீனாவா என்று இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் திட்டத்தை நிறுத்துவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அந்த நிறுவனம் மாலத்தீவில் வேறு தீவுகளில் வேலை பார்க்கப் போய்விட்டது. 2022 மார்ச்சில் இந்தியா, நாங்களே செய்து தருகிறோம் என்று உடன்படிக்கை செய்தது, கடனாக இல்லாமல் நன்கொடையாக, சுமார் 1.1 கோடி டாலர். வேலையை ஓர் இந்திய நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச்சில்.

டெல்லியின் கவலை பொய் என்று நான் சொல்லமாட்டேன். நன்கொடை நல்ல நன்கொடை. ஆனால் முதல் ஒப்புதலுக்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் நடுவே மூன்று ஆண்டுக்கும் மேல் ஓடிவிட்டது. அந்த மூன்று ஆண்டுக்குள்தான் இலங்கையில் டீசலே இல்லாமல் போன 2022ஆம் ஆண்டும் வந்தது.